ராக் அரங்கு மூடப்படும் முன் ஒரு ரசிகர் செய்யக்கூடியவை

உங்கள் மனத்துக்கு நெருக்கமான இண்டி ராக் (பெரிய இசை நிறுவனங்களைச் சாராத சுயேச்சை ராக்) குழுக்களை எந்த அரங்கில் நின்று கேட்டீர்களோ, அந்த அரங்கு மூடப்படப்போகிறது என்ற அறிவிப்பு வந்துவிட்டால், பெரும்பாலும் உங்கள் கையில் சில வாரங்கள்தான் இருக்கும். அந்த வாரங்களை வருத்தத்திலேயே கழித்துவிட்டு, கடைசி நாளன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்றுவிட்டு வீடு திரும்புவதைத்தான் நம்மில் பலரும் செய்கிறோம். முதல் முறை நானும் அதைத்தான் செய்தேன். இருநூறு பேர் நின்றாலே நிறைந்துவிடும் அந்தக் கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கச்சேரி கேட்டிருந்தும், அது மூடப்பட்ட மறு ஆண்டே, மேடை முழங்கால் உயரமா, இடுப்பு உயரமா என்பதில் எனக்கும் என்னோடு வாரந்தவறாமல் வந்த நண்பருக்கும் கருத்து வேறுபாடு வந்துவிட்டது. எங்கள் இருவரிடமும் பாடகர்களின் முகங்கள் நூற்றுக்கணக்கில் படங்களாக இருந்தன. மேடையின் விளிம்பு ஒரு படத்தில்கூட இல்லை. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு அரங்குகள் மூடப்பட்டதைப் பார்த்துவிட்டேன். அவற்றில் கற்றுக்கொண்டதை, எதை முதலில் செய்ய வேண்டும் என்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரணத்தை விசாரியுங்கள்

அரங்கு ஏன் மூடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் கையெழுத்து இயக்கம் தொடங்குவதில் பயனில்லை. வாடகை உயர்ந்ததாலா, கட்டடம் விற்கப்படுவதாலா, அக்கம்பக்கத்தாரின் இரைச்சல் புகாராலா, உரிம நிபந்தனையாலா, அல்லது நடத்துபவருக்கு வயதாகிவிட்டதாலா என்பதைப் பொறுத்தே நீங்கள் செய்யக்கூடியதும் மாறும். நியூயார்க்கின் பௌரி சாலையில் 1973இல் ஹில்லி கிறிஸ்டல் தொடங்கிய சிபிஜிபி அரங்கில்தான் ரமோன்ஸ், டெலிவிஷன், டாக்கிங் ஹெட்ஸ் ஆகிய குழுக்கள் வளர்ந்தன. உலகமெங்கும் பெயர் தெரிந்த அந்த அரங்குகூட வாடகைத் தகராறில் குத்தகையை இழந்து, 2006 அக்டோபர் 15 அன்று பாடகி பேட்டி ஸ்மித்தின் கச்சேரியோடு மூடப்பட்டது. வீட்டுக்காரரோடு வரும் பிரச்சினையில் புகழ் உதவாது, பணமும் குத்தகை ஒப்பந்தமும்தான் பேசும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அரசு அலுவலகத்தின் முடிவால் மூடப்படும் அரங்கின் நிலை வேறு. மெல்போர்னின் டோட் அரங்கு, பாதுகாவலர்களைக் கூடுதலாக நியமிக்க வேண்டும் என்ற மதுபான உரிம நிபந்தனையின் செலவைத் தாங்க முடியாமல் 2010 ஜனவரியில் மூடப்பட்டது. அடுத்த மாதமே ஆயிரக்கணக்கான இசை ரசிகர்கள் ஊர்வலமாகச் சென்றார்கள். அந்த ஆண்டுக்குள்ளாகவே அரங்கு மீண்டும் திறந்தது. உரிம நிபந்தனையை விதித்தவர்கள் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதால் அங்கே கூட்டத்துக்குப் பலம் இருந்தது. அதே டோட்டின் கட்டடம் 2023இல் விற்பனைக்கு வந்தபோது தேவைப்பட்டது பணம். அதே ஊரின் வேறொரு ராக் அரங்கை நடத்திவந்தவர்கள் ரசிகர்களிடமிருந்து 30 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் திரட்டி அதை வாங்கினார்கள். ஒரே அரங்கு, இரண்டு விதமான நோய், இரண்டு விதமான மருந்து.

இரைச்சல் புகார்தான் காரணம் என்றால், உங்கள் பகுதியின் நகரமைப்பு விதிகளைப் படித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2014 முதலும், இங்கிலாந்தில் 2018 முதலும் ஒரு கொள்கை நடைமுறையில் இருக்கிறது: ஏற்கெனவே இயங்கும் இசையரங்கின் பக்கத்தில் புதிதாகக் குடியிருப்பு கட்டுபவர்தான் ஒலித்தடுப்புக்கான பொறுப்பை ஏற்க வேண்டும். இத்தகைய விதி உங்கள் பகுதியிலும் இருந்தால், கட்டட அனுமதி பரிசீலிக்கப்படும் காலக்கெடுவுக்குள் ஆட்சேபம் எழுதுங்கள். ‘இந்த அரங்கு எங்கள் உயிர்’ என்று எழுதும் நூறு கடிதங்களைவிட, அரங்கு எத்தனை ஆண்டுகளாக இயங்குகிறது, கட்டப்போகும் குடியிருப்பின் படுக்கையறை ஜன்னல் அரங்கின் சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று குறிப்பிடும் ஒரு கடிதம் கூடுதல் கவனத்தைப் பெறும். பிரிட்டனில் 2014இல் தொடங்கிய மியூசிக் வென்யூ டிரஸ்டும், அமெரிக்காவில் 2020இல் உருவான சுயேச்சை அரங்குகளின் தேசியச் சங்கமும் இத்தகைய வேலைகளுக்காகவே இருக்கின்றன. உங்கள் நாட்டில் அப்படியோர் அமைப்பு இருந்தால் முதல் கடிதத்தை அவர்களுக்கு எழுதுங்கள்.

நடத்துபவர் களைத்துப்போய் மூடுகிறார் என்றால் அவரை வற்புறுத்தாதீர்கள். முப்பது ஆண்டுகள் இரவு மூன்று மணிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவருக்கு அந்த உரிமை உண்டு.

கூடத்தைப் பதிவு செய்தல்

மூடுவது உறுதி என்று தெரிந்துவிட்டால், கடைசிக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குவதற்கும் முன்பாக மேலாளரிடம் ஒரு பிற்பகல், ஒரு மணி நேரம், காலியான கூடத்துக்குள் இருக்க அனுமதி கேளுங்கள். நான் கேட்ட இருவருமே மறுக்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததைப்போல ஒருவர் சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டுப் படம் எடுங்கள். கச்சேரி இரவுகளில் எடுத்த படங்கள் ஏராளமாக இருக்கும். அவற்றில் கறுப்புப் பின்னணியும் வியர்த்த முகமும் மட்டுமே இருக்கும். நீங்கள் எடுக்க வேண்டியவை வேறு: நுழைவாயில், டிக்கெட் கிழிக்கும் மேசை, கையில் குத்தும் முத்திரைக் கட்டை, மேடையின் விளிம்பு, பேஸ் கிட்டார் வாசிப்பவரை எப்போதும் மறைத்துக்கொண்டிருந்த தூண், ஒலிப் பொறியாளர் அமரும் இடம், மேடைக்குப் பின்னாலுள்ள அறையின் சுவரில் குழுக்கள் எழுதிவிட்டுப் போன பெயர்கள், கழிப்பறைக் கதவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட ஸ்டிக்கர்கள். நான்கு மூலைகளிலும் நின்று எதிர்மூலையை நோக்கி ஒவ்வொரு படம் எடுத்தால் கூடம் முழுவதும் அடங்கிவிடும். பிறகு அளவு நாடாவைக் கொண்டு மேடையின் உயரம், அகலம், ஆழம், கூரையின் உயரம், மேடையிலிருந்து பின்சுவர் வரையிலான தொலைவு ஆகியவற்றை அளந்து, கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தையும் அதில் குறித்துவிடுங்கள்.

ஓர் அறையின் எதிரொலியைத் தனியே பதிந்து வைத்துக்கொள்ள முடியும் என்பது பல ரசிகர்களுக்குத் தெரிவதில்லை. இதற்கு வேண்டியவை சில பெரிய பலூன்களும் ஒரு பதிவுக் கருவியும்தான். பாடகர் நிற்கும் இடத்தில் பலூனைப் பிடித்துக்கொண்டு உடைக்க வேண்டும்; நீங்கள் வழக்கமாக நின்று கேட்கும் இடத்தில், காது உயரத்தில், ஒலிவாங்கி இருக்க வேண்டும். அந்த ஒற்றை வெடிப்பும் அது அடங்கி ஓயும் வரையிலான ஒலியும் பதிவாகும்போது, சுவரும் கூரையும் தூணும் தரையும் ஒலியை எப்படித் திருப்பி அனுப்புகின்றன என்ற விவரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற வகை மென்பொருளில் அந்தப் பதிவை ஏற்றினால், படுக்கையறையில் பதிந்த கிட்டார்கூட அந்தக் கூடத்தில் வாசிக்கப்பட்டதுபோல் ஒலிக்கும்.

செய்யும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வெடிப்பின் உச்சம் மிகக் கூர்மையானது என்பதால் பதிவின் அளவை மிகவும் குறைத்து வையுங்கள். கருவி தாங்கும் அளவைத் தாண்டி உச்சம் வெட்டுப்பட்டால் பதிவு பயன்படாது. உடைப்பதற்கு முன்னும் பின்னும் ஐந்து விநாடி அசையாமல் நில்லுங்கள். குறைந்தது ஐந்து முறை செய்யுங்கள். நான் செய்தபோது, முதல் மூன்று பதிவுகளில் பானங்களை வைக்கும் குளிர்பெட்டியின் உறுமல் அடியில் ஓடிக்கொண்டே இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் கேட்டேன். மூன்றாவது பலூனுக்குப் பின் அது தானாகவே நின்றிருந்ததால், கடைசி இரண்டு பதிவுகள் தப்பின. குளிர்பெட்டி, மின்விசிறி, குளிர்சாதனம் அனைத்தையும் நிறுத்தச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: மனித உடல்களும் உடைகளும் உயர் அலைவெண் ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே காலியான கூடம், உங்கள் நினைவிலுள்ள நிறைந்த கூடத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே முழங்கும். அது உங்கள் பதிவின் குறை அன்று.

கடைசிக் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்தல்

குழுவிடமும் அரங்கிடமும் அனுமதி கேட்டுவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். இண்டி ராக் உலகில் இதற்குப் பொதுவாக நல்ல மனம் உண்டு. வாஷிங்டனின் ஃபுகாஸி குழு 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகளை நிகழ்த்தியது. அவற்றில் 800க்கும் மேற்பட்டவற்றைக் குழுவின் ஒலிப் பொறியாளர்களே பதிந்து வைத்திருந்தார்கள். 2011இல் அவற்றை ஒவ்வொன்றாகப் பொதுவில் வெளியிடத் தொடங்கியபோது, எப்போதோ மூடிவிட்ட எத்தனையோ சிறு கூடங்களின் இரவுகள் அவற்றோடு சேர்ந்து திரும்பி வந்தன.

சிற்றரங்கில் ஒலிப்பதிவு செய்வோர் புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை ஒன்று உண்டு. இருநூறு பேர் கூடத்தில் ட்ரம்ஸும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களும் மேடையிலிருந்தே போதுமான சத்தத்தோடு கேட்கும். ஒலிபெருக்கி வழியாகப் பெரும்பாலும் குரல்தான் வரும். அதனால் ஒலிப் பொறியாளரின் மிக்ஸரிலிருந்து (ஒலிகளைக் கலக்கும் பலகையிலிருந்து) நேரடியாகக் கம்பி இழுத்து எடுத்த பதிவில் குரல் முகத்தருகே நிற்கும், கிட்டார் பக்கத்து வீட்டில் வாசிப்பதுபோல் கேட்கும். கூட்டத்துக்கு நடுவே ஒலிவாங்கி வைத்து எடுத்த பதிவிலோ கிட்டார் சரியாக இருக்கும், குரல் மங்கலாக இருக்கும். இரண்டையும் எடுத்து ஒன்றாகக் கலப்பதே சிறந்தது. கலக்கும்போது நேர வேறுபாட்டைச் சரிசெய்ய வேண்டும்: ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்வதால், மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளியுள்ள ஒலிவாங்கியின் பதிவு மிக்ஸர் பதிவைவிட ஏறத்தாழ 30 மில்லிவிநாடி பின்தங்கும். ஸ்னேர் ட்ரம்மின் (ட்ரம்ஸில் கூர்மையாக ஒலிக்கும் சிறு ட்ரம்) முதல் அடியை இரண்டு பதிவிலும் கண்டுபிடித்து அவற்றை ஒரே நேர்கோட்டில் நிறுத்துங்கள். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை என்பதால், கச்சேரியின் முடிவிலும் ஓர் அடியை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பதிவுக் கருவியை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் நிலையில் வையுங்கள். ஸ்டீரியோவில் மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் பிடிக்கும். உச்ச அளவு -12 டெசிபெலைத் தாண்டாதபடி பார்த்துக்கொண்டால், கடைசிப் பாட்டில் எல்லாரும் சத்தத்தை ஏற்றும்போது பதிவு உடையாது. ஒலிப் பொறியாளர் தம் காதை நம்பிக் கலக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தலைகளுக்கு மேலாக ஒலிவாங்கியை வையுங்கள். கைபேசியில் மட்டுமே எடுப்பதானால், அதன் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை அணைக்கும் வசதியுள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ட்ரம் அடிக்கும் ஒவ்வொரு முறையும் மற்றதெல்லாம் அமுங்கி எழும்.

காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். 100 டெசிபெல் ஒலியில் பாதுகாப்பு இல்லாமல் 15 நிமிடம் இருப்பதே ஒரு நாளைக்கான வரம்பு என்று அமெரிக்கத் தொழில்சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. தாழ்ந்த கூரையுள்ள ராக் அரங்கில் அந்த அளவை எட்டுவது அரிதன்று. இந்தப் பதிவுகளை இன்னும் முப்பது ஆண்டுகள் கேட்கும் காது உங்களுக்கு வேண்டும்.

டிக்கெட்டுகள், சுவரொட்டிகள், கேசட்டுகள்

வீட்டில் கிடக்கும் டிக்கெட்டுகளை இன்றே ஸ்கேன் செய்யுங்கள் என்று நான் அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. வெப்பத்தால் அச்சிடப்பட்ட வழுவழுப்பான டிக்கெட்டுகளின் எழுத்து வெளிச்சத்திலும் சூட்டிலும் தானாகவே மங்கிவிடும். மலிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் அந்த உறையே எழுத்தை அழித்துவிடும். பாலியெஸ்டர் உறையோ அமிலமற்ற தாளோதான் பாதுகாப்பானது. சுவரொட்டிகளை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். துருப்பிடிக்கும் ஸ்டேப்ளர் ஊசிகளை மெல்ல நெம்பி எடுத்துவிடுங்கள். ஆனால் ஊசி இருந்த துளைகளை ஒட்டிச் சரிசெய்யாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள்.

சுவரொட்டிகளில் ஆண்டு பெரும்பாலும் இருக்காது. அடுத்த வாரத்துக் கச்சேரிக்கு ஒட்டியவர்களுக்கு ஆண்டு எதற்கு? தேதியும் கிழமையும் இருந்தால் நீங்களே ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். ‘மார்ச் 14, சனிக்கிழமை’ என்று ஒரு சுவரொட்டியில் இருந்ததாக வைத்துக்கொள்வோம். 1980க்கும் 2010க்கும் இடையில் மார்ச் 14 சனிக்கிழமையில் வந்த ஆண்டுகள் 1981, 1987, 1992, 1998, 2009 ஆகிய ஐந்துதான். அன்று வாசித்த மூன்று குழுக்களில் ஒன்று 1995இல்தான் தொடங்கியது என்றும், இன்னொன்று 2001இல் கலைந்துவிட்டது என்றும் உங்களுக்குத் தெரிந்தால், 1998 மட்டுமே மிஞ்சும். இவ்வாறு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து, ஒரு நண்பரின் அட்டைப்பெட்டியிலிருந்த நாற்பது சுவரொட்டிகளில் முப்பத்தொன்றுக்கு ஆண்டு கண்டுபிடித்தோம். கச்சேரி கேட்டதற்கு இணையான மகிழ்ச்சி அதில் இருந்தது.

சுவரொட்டி என்பது திட்டத்துக்குத்தான் சான்று, நடந்ததற்கு அன்று. வண்டி பழுதாகி வராமல்போன குழுவின் பெயர் சுவரொட்டியில் இருக்கும். அவர்களுக்குப் பதிலாக அரை மணி நேர அழைப்பில் வந்து வாசித்த உள்ளூர்க் குழுவின் பெயர் எங்குமே இருக்காது. ஆகவே அரங்கின் கச்சேரிப் பட்டியலைத் தயாரிக்கும்போது சுவரொட்டி, பத்திரிகை விளம்பரம், அன்று போனவரின் நினைவு ஆகிய மூன்றையும் வெவ்வேறு பத்திகளில் எழுதுங்கள்; ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். அரங்கின் பழைய நிகழ்ச்சி நிரல்கள் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் கிடைக்க வாய்ப்பு உண்டு. அரங்கு மூடியதும் அதன் சொந்தத் தளம் சில மாதங்களில் காணாமல் போய்விடும் என்பதால், இப்போதே அதன் ஒவ்வொரு பக்கத்தையும் அங்கே சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

பழைய கேசட்டுகள் இருந்தால், முதலில் பின்புறமுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களை உடைத்துவிடுங்கள். தவறுதலாக மேலே பதிவாகிவிடாது. பிறகு ஒருமுறை கடைசி வரை சுற்றித் திரும்பச் சுற்றி நாடாவைத் தளர்த்திவிட்டு, நல்ல நிலையிலுள்ள ஒரு கேசட் கருவியில் ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டுக் கணினியில் ஏற்றுங்கள்.

அரங்கில் வேலை செய்தவர்களிடம் கேளுங்கள்

ஒலிப் பொறியாளர், கதவருகே நிற்பவர், பானம் ஊற்றுபவர், குழுக்களை ஏற்பாடு செய்பவர் ஆகியோருக்கு அரங்கைப் பற்றித் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட ரசிகர்களுக்குத் தெரியாது. அவர்களிடம் ‘மறக்க முடியாத இரவு எது’ என்று கேட்டால், பலமுறை சொல்லித் தேய்ந்த கதை ஒன்றுதான் வரும். ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள். மேடையின் இடது மூலையில் மட்டும் பலகை புதிதாக இருப்பது ஏன், இந்தக் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் எதற்கு, மிக்ஸரில் பதினோராவது சேனலின் மேல் ஒட்டுநாடா எதற்கு என்று கேட்டால், அவர்களே மறந்துபோயிருந்தவை வெளியே வரும். பதினோராவது சேனல் மழை பெய்தால் இரையும் என்றும், அதனால் மழைக்காலத்தில் இரண்டாவது கிட்டாரை வேறு சேனலுக்கு மாற்றிக்கொள்வார்கள் என்றும் எனக்குச் சொன்ன பொறியாளர், அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த ஒட்டுநாடாவைத் தடவிக்கொண்டே நின்றார். பேச்சைப் பதிவு செய்வதற்கும் பிறகு பொதுவில் வைப்பதற்கும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கு வேலை போகப்போகிறது என்பதை மறவாமல், பேட்டிக்கு அவர்களின் வசதிப்படி நேரம் குறியுங்கள்.

கடைசி இரவு

தொடக்கக் குழு மேடையேறும் முன்பே வந்துவிடுங்கள். அந்த அரங்கு இருந்ததே இன்னும் யாருக்கும் பெயர் தெரியாத தொடக்கக் குழுக்களுக்காகத்தான். ஊழியர்களுக்கு வழக்கத்தைவிடத் தாராளமாகப் பணம் கொடுங்கள். குழுக்களின் இசைத்தட்டையும் சட்டையையும் மேடையருகே அவர்களிடமே வாங்குங்கள். முதல் பாட்டை எடுத்துவிட்டுக் கைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுங்கள். ஒலிவாங்கி தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

சுவரிலிருந்து எதையும் பிய்த்து எடுக்காதீர்கள். சிபிஜிபியின் முகப்புச் சீலை இன்று கிளீவ்லாந்தின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது. மான்செஸ்டரில் 1982இல் தொடங்கி 1997இல் மூடப்பட்ட ஹசியெண்டாவின் உள்பாகங்கள், கட்டடம் இடிக்கப்படும் முன் பொது ஏலத்தில் விற்கப்பட்டன. உங்கள் அரங்கிலும் ஏலமோ நன்கொடையோ இருக்கலாம். மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டால், முத்திரைக் கட்டையோ வாசற்பலகையோ முறைப்படி ஓர் உள்ளூர் நூலகத்துக்குப் போக வழி செய்யலாம். அந்த இரவுக்குப் பிந்தைய கச்சேரிகளுக்கு ஏற்கெனவே டிக்கெட் வாங்கியிருந்தால், அவை வேறு அரங்குக்கு மாறுகின்றனவா என்று தெரிந்துகொண்ட பிறகே பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

திரட்டியதை எங்கே வைப்பது

மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒரு பிரதி வேறு இடத்தில் என்பது ஆவணக் காப்பாளர்களின் நடைமுறை. ஒலிக்கோப்புகளைத் தரம் குறையாத ஃப்ளாக் வடிவத்தில் சேமித்தால் இடம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், குழு, அரங்கு என்ற வரிசையைப் பின்பற்றினால், எந்தக் கணினியிலும் கோப்புகள் கால வரிசையில் தாமாக அடுக்கி நிற்கும். பதிவை அனுமதிக்கும் குழுக்களின் கச்சேரிகளை இணைய ஆவணக் காப்பகத்தின் லைவ் மியூசிக் ஆர்கைவில் ஏற்றலாம். அனுமதி கிடைக்காதவற்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்; எதையும் விற்காதீர்கள்.

இன்று வெளியிட முடியாத பதிவு என்றைக்கும் வெளிவராது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நியூஜெர்சியின் ஹோபோகனில் 1978 முதல் 2013 ஜூலை 31 வரை இயங்கிய மேக்ஸ்வெல்ஸ், இருநூறு பேருக்கு மேல் கொள்ளாத பின்னறை ஒன்றைக் கொண்டது. 1986 பிப்ரவரியில் தி ரிப்ளேஸ்மென்ட்ஸ் என்ற ராக் குழு அங்கே வாசித்ததை ஒலிப்பதிவு வண்டியைக் கொண்டுவந்து முறையாகப் பதிந்தார்கள். அந்தப் பதிவு இசைத்தட்டாக வந்தது 2017இல். பதிந்து முப்பத்தோர் ஆண்டு கழித்து, அரங்கு மூடப்பட்டு நான்காண்டு கழித்து. அந்த அறையில் ஒருநாளும் கால் வைக்காதவர்களும் இன்று அதன் தாழ்ந்த கூரையைக் காதால் உணர முடிகிறது.

மூடிய பிறகு கேட்பது எப்படி

உங்கள் இசைச் சேகரிப்பை ஆல்பம் வெளிவந்த ஆண்டின்படி அடுக்காமல், நீங்கள் அந்த அரங்கில் கேட்ட தேதியின்படி ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். தயாரித்த கச்சேரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இரவிலும் வாசித்த எல்லாக் குழுக்களின் பாடல்களையும், தொடக்கக் குழு முதல் முதன்மைக் குழு வரை, அன்று மேடையேறிய அதே வரிசையில் வையுங்கள். சத்தமான குழுவுக்குப் பின் மென்மையான குழு வந்த ஓர் இரவில், அரங்கை நடத்தியவர் எதற்காக அப்படி அமைத்தார் என்பது எனக்கு ஒன்பதாண்டுகளுக்குப் பிறகு, வீட்டில் இப்படிக் கேட்டபோதுதான் விளங்கியது. முதல் குழுவின் இரைச்சலுக்குப் பிறகு, இரண்டாவது குழுவின் ஒற்றைக் கிட்டாருக்கு முன்னால் இருந்த அமைதி அந்தப் பாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டிருந்தது. அத்தகைய ரசனையுள்ளவரின் பெயரை மறக்காதீர்கள். அவர் அடுத்து எந்த அரங்குக்கு நிகழ்ச்சி அமைக்கப் போகிறார் என்று விசாரியுங்கள். ஒலிப் பொறியாளர் எங்கே போகிறார் என்பதையும் கேளுங்கள். கட்டடம் போனாலும் ஓர் அரங்கின் காதும் கையும் பெரும்பாலும் அதே நகரத்தில்தான் வேறு வாசலுக்கு மாறுகின்றன.

சில வழக்கங்களும் அப்படி இடம் மாறுவதுண்டு. யோ லா டெங்கோ குழு 2001இல் தொடங்கி, யூதர்களின் ஹனுக்கா திருநாளையொட்டி எட்டு இரவுகள் தொடர்ந்து மேக்ஸ்வெல்ஸில் வாசிப்பதை வழக்கமாக வைத்திருந்தது. அரங்கு மூடியதோடு அது நின்றுபோயிற்று என்றுதான் ரசிகர்கள் நினைத்திருந்தார்கள். 2017இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூயார்க்கின் பௌரி பால்ரூமில் அதே எட்டு இரவுகள் மீண்டும் தொடங்கின.

ஆகவே கடைசி இரவு முடிந்து ஒரு மாதத்துக்குள், உங்கள் பகுதியில் இன்னும் இயங்கும் சிறிய அரங்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பெயரே கேள்விப்படாத குழு ஒன்றின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்குங்கள். போகும்போது ஒரு புதிய குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள். முதல் பக்கத்தில் தேதியையும் கிழமையையும் ஆண்டையும் எழுதுங்கள். தொடக்கக் குழுவின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அவர்களிடமே கேட்டு எழுதுங்கள். எங்கே நின்றீர்கள் என்பதை எழுதுங்கள். விளக்கு அணைவதற்கு முன் மேடையருகே போய், அது உங்கள் முழங்காலுக்கு எத்தனை விரற்கடை மேலே வருகிறது என்று பார்த்து, அதையும் எழுதிவிடுங்கள்.